ஃபேனை நிறுத்தினால் பதிவு ஆரம்பம்

முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். அடுப்பில் குக்கர் இல்லையே என்று கீழே சமையலறைக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி முடிகிறவரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் பதிவு.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத் தேவாலயத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது அந்த மாடிவீடு. டிசம்பர் பிறந்தால் அதன் மேலறை ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை. கதவில் கம்பளி. பீரோவின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருக்கின்றன. உள்ளே நெருக்கமாகத் தொங்கும் புடவைகளும் சட்டைகளும் எதிரொலியை அடக்கிவிடும் என்பது இவர்கள் கண்ட பாடம். மைக்குக்கு முன்னால் எம்ப்ராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் காலுறை. ‘ப’ வரும் இடங்களில் வாயிலிருந்து பாய்கிற காற்று மைக்கில் ‘டப்’ என்று அறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டிதான் இந்த அறையிலேயே விலை கூடியது. மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம்.

தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆலயக் குயரில் பேஸ் பாடியே தலை நரைத்தவர். மகள் ஆல்டோ. மருமகன் கீபோர்டு. கல்லூரியில் படிக்கும் பேத்திதான் சவுண்ட் எஞ்சினியர். அவள் தம்பிக்கு மெயின் மெட்டு. டெனர் பாடும் மூத்த மகன் ஷார்ஜாவில். ஆச்சி குயரில் இருந்ததே இல்லை. ஆனால் கீர்த்தனை என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம்.

நான் போயிருந்தபோது ‘சைலண்ட் நைட்’டுக்கு ‘பாமாலை’ ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ள தமிழ் வடிவத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கேட்பதற்கு எளிய தாலாட்டுதான். பாடிப் பார்த்தால் தெரியும் சங்கதி. அடிச் சுரத்துக்கும் உச்சிச் சுரத்துக்கும் நடுவே ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் மூன்று சுரங்களும் விரிகிற மெட்டு அது. குயரில் பாடும் பி ஃப்ளாட்டில் வைத்தால் பேரனுக்குக் கீழ்ச் சுரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. டி-க்கு ஏற்றினால் உச்சியில் அம்மாவின் குரல் கீச்சிடுகிறது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சி மேஜரில் நின்றார்கள். மருமகன் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கினார். தாத்தாவோ கையிலிருந்த தாளைத் திருப்பக்கூட இல்லை.

அந்தத் தாளில் மேற்கத்திய இசைக்குறியீட்டின் ஐந்து கோடுகள் கிடையாது. டோ, ரே, மி-க்கான ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும் மட்டும்தான். நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியதை, 1840-களில் ஜான் கர்வன் என்ற போதகர் செப்பனிட்டு இங்கிலாந்து முழுக்கப் பரப்பினார். மிஷனரிகளோடு கப்பலேறிய அந்த சோல்ஃபா முறை திருநெல்வேலிக் குயர்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எந்த ஸ்கேலுக்குப் போனாலும் ‘டோ’ அங்கே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். தாள் மாற வேண்டியதில்லை. நம் ஆதார ஷட்ஜம் மாதிரிதான். இந்த ஊர்க்காரர்கள் அதை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தகராறு கிளிக்கில் வந்தது.

ஒவ்வொருவராகத் தனித்தனியே பாடிப் பதிந்து பிறகு அடுக்குவதென்றால், எல்லார் காதிலும் ஒரே தாளக் கணக்கு ஓட வேண்டும். ஹெட்ஃபோனில் விடாமல் ஒலிக்கும் அந்த ‘டிக் டிக்’தான் கிளிக். தாத்தா இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“ஏட்டி, இது என்ன கடிகாரக் கடையா? வரி முடிஞ்சா பாட்டு ஒரு மூச்சு விடாண்டாமா?”

“நீங்க மூச்சு விட்டா பெரிய மாமா பாடுனது ஒட்டாது தாத்தா.”

இருவர் சொல்வதும் சரிதான். குயரில் நடத்துநரின் கை பார்த்து நாற்பது பேர் சேர்ந்து மூச்செடுக்கும்போது தாளம் இம்மியளவு நிற்கும். பாட்டுக்கு உயிர் அங்கேதான். ஆனால் ஷார்ஜா மாமா அந்தக் கையைப் பார்க்க முடியாதே. அவர் காரை நிறுத்தி, ஏசியை அணைத்து, பின்சீட்டில் உட்கார்ந்து பாடி அனுப்புகிறார். சிறிய இடம், சுற்றிலும் மெத்தை, ஆடாத காற்று: வாடகையில்லாத பதிவறை. வாட்ஸப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும் என்பதால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள் பேத்தி. பாட ஆரம்பிக்குமுன் கிளிக்கோடு சேர்த்து ஒரு கைதட்டு. திரையில் அது ஊசிபோல் எழும்பித் தெரியும். எல்லார் ஊசியையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் குரல்கள் சேர்ந்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து குரல்மேல் குரல் அடுக்குவது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. கிதார் மேதை லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் 1951-இல் அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் வைத்திருந்த ‘ஹவ் ஹை த மூன்’ வீட்டில் பதிவானதுதான். மேரியின் ஒரு குரல்தான் அதில் பல குரல்களாக ஒலிக்கிறது. லெஸ் பாலுக்கு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரம் கொடுத்தவர், ‘வொய்ட் கிறிஸ்மஸ்’ பாடிய பிங் கிராஸ்பி. அதில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி, பழைய ஒலியையும் புதுக்குரலையும் சேர்த்து அதே டேப்பில் எழுதினார் லெஸ் பால். கடைசி அடுக்கில் சுருதி தப்பினால் முந்தைய அடுக்குகளும் போச்சு, முதலிலிருந்து பாட வேண்டும். பேத்திக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு விசைகளை அமுக்கினால் தவறு மறைந்துவிடுகிறது. அதனாலேயே அவள் பதிவுகள் முடிய மாட்டேன் என்கின்றன. தம்பியின் ஒரே வரியை அவள் இழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பையன் மெத்தைமேல் தூங்கியே போனான்.

கடைசியில் தாத்தா வழிக்கே வந்தார்கள். அறை நடுவே ஒரே மைக். ஹெட்ஃபோன் இல்லை, கிளிக் இல்லை. மிக்சிங் செய்தவை கால்கள்தான்: பேரன் மைக்குக்கு ஒரு முழ தூரத்தில், அம்மா அவன் தோளுக்குப் பின்னால், கனத்த குரல்காரரான தாத்தா பீரோவை ஒட்டி. முதல் தடவை பேஸ் மேலோங்கியது. தாத்தா இன்னும் ஓரடி பின்னால் போனார். கீபோர்டு ஸ்பீக்கரை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைப் பாடுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. என் காதுக்கு, அடுக்கிச் செய்த பதிவைவிட இதுவே மேல். குரல்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டுப் பாடுவது இதில்தான் கேட்கிறது. மாமாவின் டெனர் இல்லாத குறை தெரியத்தான் செய்தது.

‘சைலண்ட் நைட்’ பாட்டே குடும்பங்கள் தூக்கிச் சுமந்ததுதான். 1818 கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் யோசஃப் மோர் எழுதியிருந்த கவிதைக்கு ஃபிரான்ஸ் க்ரூபர் மெட்டமைத்தார். இரண்டு குரலும் ஒரு கிதாரும்தான் அன்றைய கச்சேரி. அதை வெளியூருக்குக் கொண்டுபோனவர்கள் ஸில்லர்டால் பள்ளத்தாக்கின் பாடும் குடும்பங்கள். கையுறை விற்கப் போன ஸ்ட்ராஸர் உடன்பிறப்புகள் லைப்ஸிக்கில் பாடினார்கள். ரெய்னர் குடும்பம் 1839-இல் நியூயார்க்கில் பாடியது. வாய்க்கு வாய் மாறியதில் மெட்டு கொஞ்சம் திரிந்தது. இன்று நாம் பாடுவது அந்தத் திரிந்த மெட்டைத்தான். க்ரூபர் பெயரே மறைந்துபோய், ஹெய்டன் இசையோ என்று பெர்லினிலிருந்து விசாரணை வந்த பிறகுதான், 1854-இல், நடந்ததை அவர் கைப்பட எழுதிவைத்தார்.

இரண்டாவது பாட்டு வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர் அவர். மருமகன் பழக்கதோஷத்தில் கார்டு போட ஆரம்பித்ததும் ஆச்சி கையமர்த்தினார். ராகத்தின் அசைவுகள் நாலு குரல் இசைவுக்குள் மாட்டினால் நொண்டும். கீபோர்டு சுருதியோடு நிறுத்திக்கொண்டது. மற்றவர்கள் ஒரே குரலாகப் பின்பாட்டு, கைத்தாளம். இரண்டாம் தடவையிலேயே முடிந்துவிட்டது.

யூடியூபில் ஏற்றுவதில்தான் வம்பு. இந்தியச் சட்டப்படி பாடலாசிரியர், இசையமைப்பாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. க்ரூபர் இறந்தது 1863-இல். மெட்டு எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இணையத்தில் கிடைத்த கரோக்கி ட்ராக்கை வைத்துப் பாடினால், அந்த ட்ராக்கின் சொந்தக்காரர் பெயரில் தானியங்கி உரிமைக்கோரல் வந்துவிடும். ஒரு வருஷம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் மருமகன் எல்லாவற்றையும் சொந்தமாக வாசிக்க ஆரம்பித்தாராம். புதுப் பாட்டுக்கு இதுவும் போதாது. 2012 திருத்தத்தின்படி, மூலப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டு போன பிறகுதான் கவர் பதிவுக்குச் சட்டபூர்வ உரிமம் கேட்க முடியும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டியும் கட்ட வேண்டும். கேசட் கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு அது. சொந்தக்காரர்களும் குயர்க்காரர்களும் மட்டும் பார்க்கிற சேனலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பேரன் இந்த வருஷம் வந்த சினிமா மெட்டு மாதிரியான ஒரு கிறிஸ்மஸ் பாட்டைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அதைக் குடும்ப வாட்ஸப் குழுவோடு நிறுத்திக்கொள்வது என்று பேச்சு. தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதற்கு சோல்ஃபா எழுத உட்கார்ந்துவிட்டார்.