நிரம்புவதற்கு ஆகும் நேரம்

எங்கள் வேனில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. பானெட்டுக்குள் இருப்பதற்கு இன்ஜினைக் கிளப்புவது ஒன்றுதான் வேலை. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரிடம் திருப்பி வாங்கிக்கொள்ளும். பின்சீட்டுக்கு அடியில் இன்னொன்று. விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், டீசல் ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. பிரிட்டனில் இதை லெஷர் பேட்டரி என்கிறார்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு நிற்கும் பெரிய பேட்டரியின் குணம்தான் இதற்கும். எங்களிடம் முதலில் இருந்ததிலும் தடித்த ஈயத் தகடுகள்தான். கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் கொடுக்கும்.

கேம்ப்சைட்டில் பக்கத்து வேன்காரர்களோடு பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, “உங்களுடையது எத்தனை நாள் தாங்கும்?” என்பதுதான். எவ்வளவு எடுக்கலாம் என்பதிலேயே பேச்சு சுற்றும். திருப்பி நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஈய பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் முக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அதை உடனே திருப்பிவிட்டால் ஒன்றும் கெடாது. நாள்கணக்கில் அப்படியே விட்டால்தான் அந்த நுண்ணிய படிகங்கள் பெரிதாகி இறுகுகின்றன. இறுகியபின் எந்த சார்ஜரும் அவற்றை முழுதாகக் கரைக்க முடியாது. தகட்டில் அத்தனை இடமும் போனது போனதுதான்.

இதில் நேரம் எங்கே வருகிறது? ஈய பேட்டரி முதல் எண்பது சதவீதத்தை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். அதன்பின் சார்ஜர் 14.4 வோல்ட்டில் பிடித்துவைத்திருக்க, உள்ளே போகும் ஆம்பியர் மெல்ல மெல்லக் குறையும். கூட்டம் ஏறும் டவுன் பஸ்ஸில் முதலில் வந்தவர்கள் சட்டென்று இடம்பிடிக்க, கடைசி ஆட்கள் நெருக்கித் தள்ளி இடுக்கில் நுழைவார்களே, அந்தக் கதை. கடைசி இருபது சதவீதத்துக்கு நான்கைந்து மணிநேரம், சமயத்தில் அதற்கு மேலும் வேண்டும். பயணத்தில் இருப்பவர்களோ இரண்டு மணிநேரம் ஓட்டிவிட்டு, கடற்கரை ஒன்றைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். பேட்டரி எண்பதைத் தொட்டிருக்கும். இரவில் செலவு, மறுநாள் மறுபடி எண்பது. கோடை முழுவதும் அது ஒருநாள்கூட நிரம்பியிருக்காது. ஒன்றிரண்டு வருடத்தில் 100 ஆம்பியர் அவர் (Ah, ஆம்பியர்-மணி) என்று எழுதியிருக்கும் பேட்டரி அதில் பாதியைக்கூடத் தராமல் போகக்கூடும். “சிக்கனமாகத்தானே பயன்படுத்தினோம்” என்று அவர்கள் வருந்துவதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். சிக்கனத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை.

எங்கள் வேனுக்கு வயரிங் செய்துகொடுத்தவர் கிளாஸ்கோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். கூரையில் சோலார் பேனல் போடத்தான் நாங்கள் அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் முதலில் ஷன்ட் போட வேண்டும் என்றார். பேட்டரியின் நெகட்டிவ் வயரில் மாட்டும் சின்ன உலோகக் கட்டை அது. உள்ளே வருவதும் வெளியே போவதும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஆம்பியரையும் கூட்டிக் கழித்து மீட்டரில் காட்டிக்கொண்டிருக்கும். வோல்ட்மீட்டர் இருக்கிறதே என்று என் கணவர் கேட்டதற்கு அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

“அது நித்திரையாக் கிடக்கேக்கைதான் உண்மை சொல்லும், தம்பி. வேலை செய்யேக்கை கேட்டா ஒரு கதை, வெயில் படேக்கை கேட்டா இன்னொரு கதை. எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்தது எண்டு எழுதி வையுங்கோ.”

உண்மைதான். 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி என்பதெல்லாம் சில மணிநேரம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடந்த ஈய பேட்டரிக்குத்தான் பொருந்தும். லேசாக வெயில் அடித்தால் அதே பேட்டரி 13-க்கு மேல் காட்டும். ஹீட்டர் பற்றும்போது 12-க்குக் கீழே இறங்கி நிற்கும்.

கணக்கு வைக்கும் பழக்கம் அண்ணைக்கு எங்கிருந்து வந்தது என்பதை அன்று சாப்பிடும்போது தெரிந்துகொண்டேன். 1990-இல் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் கிடையாது. ரேடியோவுக்குப் போடும் சாதாரண பேட்டரிகூட வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் அது. “ஒராள் சுத்தினாத்தான் மற்றாக்களுக்குச் செய்தி. கை நோகுதெண்டு விட்டா, வாசிக்கிறவற்றை குரலும் நிண்டிடும். கறண்ட் எண்டா ஒராளின்ரை உழைப்பு எண்டு அப்பவே தெரிஞ்சு போச்சு, தங்கச்சி” என்றார். பன்னிரண்டு வோல்ட்டைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஏறிய கணக்கு இது. 45 வாட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது நான்கு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். கோடையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர் அவர். டீசல் ஹீட்டர் பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு எட்டு, பத்து ஆம்பியர் கேட்கும். பற்றிக்கொண்டபின் ஒன்று, ஒன்றரைதான். குளிர்ந்த இரவு ஒன்றுக்குப் பத்து வைத்துக்கொள்ளலாம். எல்.ஈ.டி. விளக்குகளும் இரண்டு போன்களும் சேர்ந்தால் ஐந்து. ஆக 45. 100 ஆம்பியர் அவர் ஈய பேட்டரியில் பாதிக்குமேல் இறக்குவது நல்லதில்லை என்பதால், ஒரு நாள் செலவு அதிலேயே முடிந்தது. எடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் போதாது. பத்து எடுத்தால் பதினொன்றோ பன்னிரண்டோ உள்ளே போக வேண்டும். இந்தக் கணக்கில் 2000 வாட் மின்கெட்டிலுக்கு இடம் எங்கே? இன்வெர்ட்டர் வழியாக அது 180 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டீக்குத் தண்ணீர் காய்ச்சும் நான்கு நிமிடத்தில் பன்னிரண்டு ஆம்பியர் அவர் போய்விடும். விட்டுவிட்டு ஓடும் ஃப்ரிட்ஜுக்கு ஒன்பது மணிநேரத்துக்குமேல் தேவையானது அது. டீக்கு கேஸ் அடுப்பே போதும்.

நிரப்ப மூன்று வழிகள்: ஓட்டுவது, வெயில், கேம்ப்சைட்டின் கரண்ட்.

பழைய வேன்களில் ஓட்டும் வழி எளிது. இன்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3-ஐத் தாண்டியதும் ஒரு ரிலே இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவிடும். யூரோ 6 விதிகளுக்குப்பின் வந்த வேன்களில் ஆல்டர்னேட்டரும் டீசலை மிச்சம் பிடிக்கப் பழகிவிட்டது. முன்பேட்டரி நிறைந்தால் போதும், வோல்டேஜைப் பன்னிரண்டரைக்கு இறக்கிவிடும். பிரேக் பிடித்து வேகம் குறைகிறபோது ஏற்றும். ரிலேயை நம்பி நாள் முழுக்க ஓட்டினாலும் பின்னால் இருப்பது பட்டினிதான். நடுவே டிசி-டிசி சார்ஜர் என்ற பெட்டி வேண்டும். முன்னால் எந்த வோல்டேஜ் வந்தாலும் அதைப் பின்பேட்டரிக்கு ஏற்றபடி உயர்த்திக் கொடுக்கும். புது வேன் வாங்குகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றி ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு எழுதுவதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இன்வர்னஸில் ஜூன் மாதம் பகல் பதினெட்டு மணிநேரம். உச்சியில் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். கூரையில் படுக்கவைத்த 100 வாட் பேனல் நல்ல நாளில் 25, 30 ஆம்பியர் அவர் தரும். டிசம்பர் கடைசியில் அதே ஊரில் நண்பகல் சூரியன் ஒன்பது டிகிரிதான் எழும்பும். பகலும் ஆறரை மணிநேரத்தோடு சரி. அப்போது இரண்டு, மூன்று ஆம்பியர் அவர் கிடைத்தாலே பெரிது. இன்னொரு பேனலும் இன்னொரு இரண்டைத்தான் தரும். ஆனால் ஈயத்துக்கு வெயில் ஓர் உதவி செய்கிறது. நாம் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும் அத்தனை மணிநேரமும் மூன்று ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று அந்தக் கடைசி இருபது சதவீதத்தைப் பொறுமையாக ஏற்றிக்கொண்டிருக்கும். அவசரமில்லாத கரண்ட் அது.

கேம்ப்சைட்டின் நீல நிற பிளக்கும் அப்படித்தான். வடகரையோரமாகப் போகும்போது சாலையோரத்தில் இலவசமாக நிற்க இடம் தேடுவதையே சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளியில் நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் கொடுக்கும் உரிமை மோட்டார் வண்டிகளுக்குக் கிடையாது என்பது ஒரு பக்கம். சில நாளுக்கு ஒருமுறை டர்னஸ் போன்ற சிற்றூர் ஒன்றில் பணம் கட்டித் தங்கி, இரவு முழுக்க 230 வோல்ட்டில் சார்ஜரை ஓடவிட்டால் பேட்டரி உண்மையிலேயே நிரம்பிவிடும். அந்த ஒரு இரவுக் கட்டணம் புது பேட்டரியின் விலையில் ஒரு சிறு துண்டு. ஊருக்கும் நாலு காசு போய்ச் சேரும்.

இப்போது எங்கள் சீட்டுக்கு அடியில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஜான் குட்இனஃப் குழுவினர் டெக்சாஸில் 1997-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பொருள். அவருக்கு 2019-இல், 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஈயத்தில் பழகிய கைக்கு இது எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. நிரம்பவேண்டும் என்ற பிடிவாதம் இதற்கு இல்லை, பாதியில் கிடப்பதுதான் பிடிக்கும். கடைசிவரை மளமளவென்று வாங்கும். 100 ஆம்பியர் அவர் ஈயம் 25 கிலோ என்றால் இது அதில் பாதிகூட இல்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதை மீட்க வழியில்லை. உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் பெரும்பாலும் தடுத்துவிடும் என்றாலும், வாங்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வோல்டேஜோ எண்பது சதவீதத்திலும் நாற்பதிலும் ஏறக்குறைய ஒன்றையேதான் காட்டும். ஷன்ட் இல்லாமல் இதில் குத்துமதிப்பாகக்கூட எதுவும் சொல்ல முடியாது. அண்ணையிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை.

ஃப்யூஸில் மட்டும் யாரும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வருகிறது. ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொட்டும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும், நாம் தூங்குவது அதற்கு மேலேதான். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஈயமாக இருந்தால் ஹைட்ரஜன் வெளியே போக ஒரு குழாயும் வேண்டும்.

பர்மிங்ஹாமில் இருக்கும் என் நாத்தனார் இந்த வருடம் ஒரு வேன் வாங்கியிருக்கிறார். எத்தனை வாட் பேனல் போடலாம் என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு எதை எவ்வளவு நேரம் போடுகிறீர்கள், தினம் எத்தனை மணிநேரம் ஓட்டுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள் அண்ணி என்றேன். எழுதி அனுப்பினார். நாளுக்கு 60 ஆம்பியர் அவர் செலவு, மூன்று மணிநேர ஓட்டம், பயணம் பெரும்பாலும் அக்டோபருக்குமேல். இரண்டாவது பேனலுக்கு வைத்திருந்த பணத்தில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.