எந்த ஊர்க் கத்தி?

சென்ற ஆடி மாதம் எங்கள் மகள் பெங்களூரில் வேலையில் சேர்ந்தாள். தோழியர் இருவருடன் வாடகைக்கு வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கியவள், ஓர் இரவு தொலைபேசியில் அழைத்து எங்களிடம் கேட்ட முதற்பொருள் கத்தி. "இங்க இருக்கிறது தக்காளியை நசுக்குதும்மா, நறுக்க மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு வாங்கி வைங்க, அடுத்த வாரம் வர்றப்ப எடுத்துக்கிறேன்" என்றாள்.

இருபத்து நான்கு ஆண்டு இல்லறத்தில் கத்தியைப் பற்றி நாங்கள் ஒருமுறையும் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொடக்கத்தில் வீட்டில் அரிவாள்மனை இருந்தது. பிறகு சமையல் மேடை வந்தது. நின்றுகொண்டு நறுக்கும் வழக்கம் வந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிடிக் கத்தி வந்தது. அது மழுங்கியதும் இன்னொன்று வந்தது. மழுங்கியவற்றை எறிய மனமின்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். பதினொன்று இருந்தன.

இம்முறை பார்த்து வாங்குவோம் என்று மதுரையில் ஒரு பெரிய பாத்திரக் கடைக்குச் சென்றோம். நம் நாட்டுக் கத்தியே வேண்டும் என்பது எங்களுள் ஒருவரின் விருப்பம். நன்றாக வெட்டுவது வேண்டும், அது எந்த நாட்டதானால் என்ன என்பது மற்றவரின் கட்சி. கடைக்காரர் இருவருக்கும் பொருத்தமாக இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் நன்கறிந்த இந்தியப் பெயர். மற்றொன்றில் மேனாட்டு எழுத்தும் கோட்டை முத்திரையும். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பெட்டிகளின் அடியில் இருந்த சிற்றெழுத்தைப் படித்தோம். இரண்டுமே சீனாவில் செய்யப்பட்டவை. கடை நடுவில் நின்றுகொண்டு நாங்கள் இருவரும் எதைப் பற்றி வழக்காடினோம் என்பது சற்று நேரம் எங்களுக்கே புரியவில்லை.

வீடு திரும்பியபின் அந்தக் கேள்வி வளர்ந்தது. உள்நாட்டுக் கத்தி என்பது எது? உள்நாட்டான் பெயர் பொறித்ததா, உள்நாட்டில் செய்ததா, உள்நாட்டு இரும்பில் செய்ததா?

வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குழப்பம் புதிதன்று. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தின் மீது பெரும் புகார் எழுப்பினர். மலிவான ஜெர்மன் கத்திகள் ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வருகின்றன என்பதே புகார். 1887-இல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் வந்தது. பொய்யான ஊர்ப்பெயர் குற்றமாயிற்று. இழிவுக்குறியாக ஒட்டப்பட்ட 'ஜெர்மனியில் செய்தது' என்ற தொடர் சில பத்தாண்டுகளில் தரத்தின் முத்திரையாக மாறியதும், அதே சோலிங்கன் தன் பெயரைப் பிறர் திருடாதிருக்க 1938-இல் தனிச்சட்டம் பெற்றதும் காலத்தின் வேடிக்கை. இதில் இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் பெருமையாகப் போற்றப்பட்ட ஷெஃபீல்டு எஃகின் மூலப்பொருளான நல்லிரும்பு நெடுங்காலம் சுவீடனிலிருந்து கப்பலேறி வந்தது.

நம்மிடமும் சான்று இருக்கிறது. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் தூத்துக்குடியில் கட்டப்பட்டவை அல்ல, வெளிநாட்டில் வாங்கப்பட்டவை. அதனால் அவருடைய சுதேசியம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. கப்பலின் இரும்பு எங்கிருந்து வந்தது என்பதைவிட அந்தக் கப்பல் யாருக்குக் கட்டுப்பட்டது, அதன் வருவாய் யார் வாழ்வில் சேர்ந்தது என்பனவே அங்குப் பொருட்டாயின.

இவ்வளவு பேசியபின், கடையில் கிடைக்காத கத்தியைச் செய்பவரிடமே கேட்பது என்று முடிவாயிற்று. எங்களுள் ஒருவருக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். அவ்வழியில்தான் திருப்பாச்சேத்தி இருக்கிறது. திரைப்படங்கள் அவ்வூர் அரிவாளைச் சண்டைக்கு மட்டுமே உரியதாக்கிவிட்டன. ஆனால் கருவேலம் கழிப்பதற்கும் தேங்காய் வெட்டுவதற்கும் அதை நம்பியிருந்த வீடுகள் பல. அவற்றுள் ஒன்று எங்களுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நுழைந்த பட்டறையில் அறுபதைக் கடந்த ஆசாரி ஒருவர் தனியே இருந்தார். துருத்தி இருந்த இடத்தில் மின்சார ஊதி ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கியிருந்தன. வந்த காரியத்தைச் சொன்னோம்.

"காய்கறிக் கத்தியா? அதை யாரு சார் எங்கிட்ட கேக்குறா? அருவா, மம்பட்டி, கோடாலி, எளநி வெட்டுற கத்தி, இதான் போகுது. அடுப்படிக் கத்திக்குக் கடைக்குல்ல போவாக" என்றார். பிறகு, "அடிச்சுத் தாரேன், அளவு சொல்லுங்க" என்றார்.

நாங்கள் கையை விரித்துக் காட்டிய நீளந்தான் அளவு. நானூற்றைம்பது ரூபாய் என்றார். நானூறு என்றோம். மறுபேச்சின்றித் தலையசைத்தார். மூன்றாயிரத்து எண்ணூறு ரூபாய் அச்சிட்ட அட்டைப்பெட்டியின் முன் பேரம் பேச வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை என்பதை வீட்டுக்கு வரும் வழியில் நினைத்தோம். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்று நாளில் கத்தி கிடைத்தது. பூவரசம் பிடி, பித்தளைப் பூண், கையில் எடுத்தால் கனம். அன்று மாலையே நறுக்கிப் பார்த்தோம். பூசணியை அநாயாசமாகப் பிளந்தது. ஆனால் கேரட்டை நறுக்கவில்லை, பிளந்தது. பாதி தூரம் இறங்கியதும் காய் தானே விரிந்து 'டக்' என்று உடைந்தது. கூர்மையில் குறையில்லை, மயிரைச் சிரைத்தது. குறை தடிமனில் இருந்தது. விரலளவு பருத்த பட்டையை அடித்து இறக்கியவர் அரிவாளின் நினைவிலேயே நிறுத்திவிட்டார். நல்ல சமையல் கத்தியின் முதுகு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதுவோ ஆப்பு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான உள்நாட்டுப் பற்று முடிந்துபோகிறது என்று எண்ணுகிறோம். ஒருமுறை வாங்குகிறோம், சரியாயில்லை, 'நம்மவர்கள் இப்படித்தான்' என்று ஒரு பெருமூச்சு, பிறகு நிம்மதியாக அட்டைப்பெட்டிக்குத் திரும்பிவிடுகிறோம். கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எஃகு செய்தோம் என்று வகுப்பில் பெருமையுடன் சொல்லும் நாமே, இன்று அடிக்கிறவரிடம் இரண்டாம் முறை போவதில்லை. எங்களுக்கும் போக வெட்கமாகத்தான் இருந்தது. குறை சொல்லத் தெரியாத வெட்கம் ஒன்று. ஐம்பது ரூபாய் குறைத்த வெட்கம் ஒன்று.

எங்களைப் போக வைத்தது புறநானூறு என்றால் சிரிக்கக் கூடாது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் பாடல் (95) அந்த வாரம் வகுப்பில் நடத்தும் முறையில் வந்தது. அவன் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலில் மின்னுகின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு என்று ஆண்டுதோறும் சொல்லிவந்திருக்கிறோம். அவ்வாண்டு வேறொன்று கண்ணில் பட்டது. அதியமானின் வேலுக்குத் திரும்பிப் போக ஒரு கொல்லன் இருக்கிறான். முறிந்ததைக் கொடுக்கலாம், மறுபடி பெறலாம். நம் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பதினொன்றுக்கும் அப்படி ஓரிடம் இல்லை.

கத்தியோடு இரண்டு கேரட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். ஆசாரி கோபிக்கவில்லை. தாமே ஒன்றை நறுக்கிப் பார்த்தார், அது உடைந்தது. "முதுகு தடிச்சுப் போச்சு" என்றார். சாணைச் சக்கரத்தை ஓடவிட்டு இருபக்கமும் தேய்க்கத் தொடங்கினார். சில நொடிக்கு ஒருமுறை நீரில் முக்கினார். "சூடேறி நீலம் பூத்துட்டா தோய்ச்சல் போயிரும். பெறகு அது வெறும் தகடுதான்" என்றார். முக்கால் மணி நேரமாயிற்று. மற்றொரு கேரட் காகிதத் தடிப்பில் வட்ட வட்டமாக விழுந்தது. கூலி வாங்க மறுத்தார். மெலிந்த அளவிலேயே இன்னும் இரண்டு செய்யச் சொல்லி, அவர் முதலில் சொன்ன விலையில் மூன்றுக்குமான கணக்கை முடித்தோம். மகன் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "திருப்பூர்ல கம்பெனி வேலை. இதுல என்ன சார் இருக்கு" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மூன்று கத்தியால் ஒரு தொழில் பிழைத்துவிடாது என்பது தெரியாதவர்கள் அல்லோம்.

மகள் கத்தியைக் கொண்டுபோன நான்காம் நாள் தொலைபேசி வந்தது. "அம்மா, துருப் பிடிச்சிருச்சு!" இரவு முழுதும் கழுவுதொட்டியில் கிடந்திருக்கிறது. லாரிப் பட்டையிலும் விலையுயர்ந்த ஜெர்மன் சமையல் கத்திகள் பலவற்றிலும் கரிமத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், நூற்றுக்கு அரை அளவு. அவற்றில் கூடுதலாக உள்ள பதினைந்து விழுக்காடு குரோமியம் துருவைத் தடுக்கிறது. நம் கத்தியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் நாமே: நறுக்கியவுடன் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். இதையெல்லாம் சொன்னோம். கேட்டுக்கொண்டாள். ஆயினும் எலுமிச்சைக்கும் தக்காளிக்கும் துருவேறாத சிறு கத்தி ஒன்றை அங்கேயே வாங்கிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அது எந்த நாட்டது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே உள்நாட்டுக் கத்தியையே வாங்குக என்று அறம் உரைக்க எங்களால் இயலாது. எங்கள் அனுபவத்தில் தெளிந்தது சிறிதே. தொலைவிலிருந்து வரும் கத்தி நல்லதாக இருக்கலாம். ஆனால் அதைச் செய்தவர் காதில் நம் கேரட்டின் சங்கதி ஒருநாளும் விழாது. பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் வாங்குவது பற்று அல்லது இரக்கம். குறையைச் சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து, இரண்டாம் முறை போகும்போதுதான் அது வாங்கல் விற்றல் ஆகிறது. அவர் கைக்கும் புதிதாக ஒன்று தெரியவருகிறது.

தீபாவளிக்கு வந்தவள் கத்தியைக் கன்னடச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவளையும் தகரப் பெட்டியையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். ஆசாரி அவளைப் பார்க்குமுன் கத்தியின் வாயைப் பார்த்தார். "இத எதுலம்மா தீட்டுன?" பீங்கான் கோப்பையின் அடியில் என்று ஒப்புக்கொண்டாள். சிரித்துவிட்டு, எந்தச் சாய்வில் கல்லில் வைக்க வேண்டும் என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார்.

பிறகு எங்கள் பெட்டியிலிருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் தொட்டுப் பார்த்தார். எந்த ஊர், என்ன விலை என்று கேட்கவில்லை. பொறி பறக்கும் விதத்தை மட்டும் கவனித்தார். நான்கை எடுத்துத் தனியே வைத்தார். "இதுகள் நல்ல இரும்பு. வச்சுட்டுப் போங்க, சரி பண்ணித் தாரேன்" என்றார். அவற்றுள் ஒன்றின் மீது சீன எழுத்து இருந்தது.