தாளத்துக்குப் பின்னால் வரும் குரல்

திங்கள்

ஜாஸ் கேட்டுப் பழகாதவன் நான். வாத்தியம் மட்டுமே ஒலிக்கும் நீண்ட பதிவுகளில் எதைப் பின்தொடர்வது என்று பிடிபடவில்லை. பாட்டு என்றால் வார்த்தையாவது துணைக்கு இருக்குமே என்று ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயிடம் வந்தேன். முதலில் கேட்டது, பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு 1935 ஜூலையில் அவர் பதிவுசெய்த ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’. அப்போது அவருக்கு வயது 20. பென்னி குட்மனின் கிளாரினெட்டும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடுகின்றன. பில்லி ஓடவில்லை. தாளம் விழுந்த பிறகு சாவகாசமாக அடியெடுத்து வைக்கிறார். ஆனாலும் வரி முடியும் இடத்தில் குழுவோடு சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார்.

செவ்வாய்

அதே பாட்டைத் திரும்பவும் போட்டேன். பாட்டின் எடுப்பு தாளத்துக்குத் தள்ளி வருவது கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்குப் புதிதல்ல. அங்கே அந்தத் தள்ளல் உருப்படியோடு சேர்ந்து பிறந்தது. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் அதே இடம்தான். பில்லியிடம் அது வரிக்கு வரி மாறுகிறது. ஒரு சொல்லை இழுத்துப் பிடிக்கிறார், அடுத்து வரும் சொற்களை நெருக்கி அடுக்குகிறார். மெட்டையும் எழுதியபடி விட்டுவைப்பதில்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், பக்கத்துச் சுரங்களிலேயே வரியை முடித்துக்கொள்கிறார். குரல் எட்டும் தூரம் ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான். அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கும் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் போன்றதல்ல பில்லியுடையது; மைக் வந்த பிறகு சாத்தியமான குரல். பெஸ்ஸியின் உணர்வையும், லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை ஊதும் போக்கையும் கேட்டு வளர்ந்தவர் அவர். வாத்தியக்காரரிடமிருந்து பாடக் கற்றவர் என்பது இப்போது புரிகிறது.

புதன்

1937 ஜனவரியில் பில்லியின் ஒரு பதிவுநாள். கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவிலிருந்து சிலர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள்: டிரம்பெட்டில் பக் கிளேட்டன், டெனர் சாக்ஸஃபோனில் லெஸ்டர் யங். ‘திஸ் இயர்ஸ் கிஸஸ்’ பாட்டில் முதலில் லெஸ்டர் மெட்டை வாசித்துக் காட்டுகிறார். அதன்பிறகே பில்லி வருகிறார். வாத்தியத்தின் தொனி எங்கே முடிந்தது, குரல் எங்கே தொடங்கியது என்பதே தெரியாத அளவுக்கு ஒட்டுறவு. பில்லிக்கு ‘லேடி டே’ என்று பட்டப்பெயர் வைத்தவர் லெஸ்டர்தான். அதே ஆண்டின் ‘எ செயில்போட் இன் தி மூன்லைட்’ பாட்டில், பில்லி மூச்சுவிடும் இடங்களிலெல்லாம் லெஸ்டர் நுழைகிறார்; பாட்டை ஒருபோதும் மறைப்பதில்லை.

அந்தப் பாடல்களில் பல, ஜூக்பாக்ஸ் சந்தைக்காக அவசரமாகத் தயாரானவை. சாதாரண சினிமா, மேடைப் பாட்டுகள். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்துக்குள் பாடகருக்கும் இடம், நாலைந்து வாத்தியக்காரர்களுக்கும் இடம். யாரும் யாரையும் இடிக்கவில்லை.

வெள்ளி

‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றிய பாட்டு. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர். பில்லியின் நிறுவனமான கொலம்பியா இதைப் பதிவுசெய்ய முன்வராததால், 1939 ஏப்ரலில் சிறிய நிறுவனமான கமடோருக்குப் பாடிக்கொடுத்தார். கஃபே சொசைட்டி இரவு விடுதியில் இதைப் பாடும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகளை அணைத்து, அவர் முகத்தில் மட்டும் ஒளி விழச் செய்வார்கள்.

அழுகையை எதிர்பார்த்துக் கேட்டேன். அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறார், நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்போல. அதனால்தான் கேட்க முடியாமல் போகிறது. ஒருமுறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

சனி

‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருப்பது ‘ஃபைன் அண்ட் மெல்லோ’, பில்லியே எழுதிய ப்ளூஸ். இதே பாட்டை 1957 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியிலும் பாடினார். அந்தப் படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெர்ரி மல்லிகன் என்று ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். உடல்நலம் குன்றியிருந்த லெஸ்டர் எழுந்து நின்று ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார்: பன்னிரண்டு ‘பார்’ நீளம், குறைந்த சுரங்கள், ஏராளமான இடைவெளி. பில்லி தலையசைத்துக்கொண்டே அவரைப் பார்க்கிறார். 1939இல் இருந்த இளமை குரலில் இல்லை. ஆனால் எப்போது சொல்ல வேண்டும் என்ற கணக்கு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் பில்லி. அவருக்கு வயது 44.

ஞாயிறு

‘லேடி இன் சாட்டின்’, 1958. ரே எல்லிஸ் அமைத்த வயலின்கள் நிறைந்த பெரிய ஆர்கெஸ்ட்ரா. நடுவே கரகரத்துப்போன ஒரு குரல். சிறை, போதை, 1947 தண்டனைக்குப் பின் நியூயார்க் இரவு விடுதிகளில் பாடும் உரிமத்தை இழந்தது என்று அவரது துயரங்களை அறிந்தவர்கள் இந்தத் தொகுப்பில் அவற்றையே கேட்கிறார்கள். நான் கேட்டது வேறு. சுரம் எட்டாத இடத்தில்கூட சொல் தவறான நேரத்தில் விழவில்லை. துயரம் யாருக்கும் வரும்; இந்தக் கணக்கு பயிற்சியாலும் கூர்ந்த காதாலும் வந்தது. பில்லி ஹாலிடேயை முதலில் சங்கீதக்காரராகத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கேட்க வருபவர்கள் 1937இல் தொடங்குங்கள். 1939ஐயும் 1957ஐயும் அடுத்து வையுங்கள். ‘லேடி இன் சாட்டின்’ கடைசியில் இருக்கட்டும். வாழ்க்கை வரலாறு அதற்கும் பிறகு.