ஜாதிக்காய் போன வழி, ரப்பர் வந்த வழி

‘சார், நெல்லுல ஒண்ணும் நிக்கல. புதுசா ஒரு பயிர் சொல்லுங்களேன்.’

வேளாண்மைத் துறையில் முப்பது வருடமாக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பயம் வரும். அது ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், கடந்த மார்ச் மாதம் சிங்கப்பூரில் பார்த்த இரண்டு பழைய தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் பக்கத்து விவசாயிகள் 18 பேர் சொந்தக் காசு போட்டுக் கிளம்பினார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன். உயரமான கட்டடங்களையும் லிட்டில் இந்தியாவையும் பார்த்தது போக, ஒரு முழு நாளைத் தோட்டங்களுக்கென்று ஒதுக்கினோம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, சிங்கப்பூர்த் தமிழர். ‘மெதுவா நடப்போம், நிழல்ல நின்னு பேசுவோம்’ என்றார். எங்களோடு 78 வயதுப் பெரியவர் ஒருவரும் வந்திருந்ததால் அது வசதியாக இருந்தது.

முதலில் போனது ஃபோர்ட் கேனிங் குன்று. நகரின் நடுவே ஒரு பச்சை மேடு. 1819-ல் சிங்கப்பூரில் கால் வைத்த ராஃபிள்ஸ், சுமத்ராவின் பென்கூலனிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து இங்கே நடச் செய்தார். 1822-ல் அது 48 ஏக்கர் சோதனைத் தோட்டமாக விரிந்தது. டச்சுக்காரர்கள் கையில் இருந்த வாசனைப் பொருள் வணிகத்தில் பங்கு கேட்பதுதான் நோக்கம். ராஃபிள்ஸ் ஊர் திரும்பிய பிறகு செலவுக்குப் பணம் தர ஆளில்லை. 1829-ல் தோட்டத்தை மூடிவிட்டார்கள். அதன் நினைவாக இன்று ஒரு வாசனைப் பயிர்த் தோட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஜாதிக்காய் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார்கள்.

சோதனைத் தோட்டத்தை மூடினாலும் ஜாதிக்காய் ஆசை அடங்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் அதிகாரிகள், வணிகர்கள், வக்கீல்கள் எனக் காசு வைத்திருந்தவர்கள் பலரும் ஜாதிக்காய் போட்டார்கள். இன்று கண்ணாடிக் கடைகளாக ஜொலிக்கும் ஆர்ச்சர்ட் ரோடு, இருபுறமும் இருந்த அந்தத் தோட்டங்களால் பெயர் பெற்ற சாலை. ஜாதிக்காய் விதைக் கன்று காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் ஆகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எது எது என்பது பூத்த பிறகுதான் தெரியும். அத்தனை காத்திருப்புக்கும் பிறகு, 1850-களில் மரங்கள் நோய் கண்டு காய ஆரம்பித்தன. என்ன நோய், என்ன செய்வது என்று சொல்ல அந்த ஊரில் அப்போது ஆள் கிடையாது. 1860-களில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

இதை ஆசிரியை சொல்லி முடித்தபோது நாங்கள் பஸ்ஸில் அதே ஆர்ச்சர்ட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு வெனிலா ஞாபகம் வந்தது.

2003-ல் நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். மடகாஸ்கரில் புயலால் விளைச்சல் கெட்டுப்போய், வெனிலா பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற காலம். ஒரு தென்னை விவசாயி என்னிடம் வந்து, ‘போடலாமா சார்?’ என்று கேட்டார். நான் படித்ததை எல்லாம் சொன்னேன். ஐம்பது சதவிகித நிழல், தாங்கு மரம், மூன்றாம் வருடம் பூப்பது, காலையில் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்வது. அவ்வளவும் சரியான தகவல். ‘மடகாஸ்கர் திரும்ப எழுந்தால் விலை என்னாகும்?’ என்பதை மட்டும் நானும் யோசிக்கவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. மனைவியின் நகையை வைத்துக் கொடித்துண்டு வாங்கினார். அவர் தோட்டத்தில் முதல் பூ பூத்த சமயத்தில் காய் விலை நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. பார்க்கப் போனேன். என்னைத் திட்டவில்லை. மோர் கொடுத்தார். அந்த மோரை இன்னும் மறக்க முடியவில்லை.

பஸ் டாங்லின் வாசலில் நின்றது. இப்போது உலகப் புகழ் பெற்ற சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா இதுதான். 1859-ல் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. சங்கம் கடனில் சிக்கியதும் 1870-களில் அரசு எடுத்துக்கொண்டது. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுமார் 82 ஹெக்டேர் பரப்பு. காலை 5 மணி முதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அங்கேயே ஆறு ஹெக்டேர் அசல் மழைக்காடும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஐந்து டாலர் நோட்டில் இருக்கும் டெம்புசு மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, ரப்பர் மரம் ஒன்றின் அருகே போனோம்.

1876-ல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். சிலவற்றை இங்கே நட்டார்கள், சிலவற்றைப் பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு அனுப்பினார்கள்.

1888-ல் ஹென்றி ரிட்லி இயக்குநராக வந்தபோது அந்த மரங்கள் வளர்ந்து நின்றன. கேட்பார் இல்லை. மலாயாவில் அப்போது காபிக்குத்தான் மவுசு. பிரேசிலில் கோடாரியால் கொத்திப் பால் எடுக்கும் வழக்கம் மரத்தைக் கெடுத்தது. ரிட்லி பல வருடம் சோதித்துப் பார்த்தார். சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு, அதே வெட்டின் விளிம்பை அடுத்த முறை மெல்லியதாகச் சீவினால், மரம் சாகாமல் தொடர்ந்து பால் தருகிறது என்று கண்டுபிடித்தார். விடியற்காலையில் சீவினால் பால் அதிகம் என்பதையும் பார்த்து வைத்தார். தோட்டக்காரர்களுக்காக 1891-ல் ஒரு வேளாண் இதழையும் தொடங்கி நடத்தினார். பார்க்கிறவர்களிடம் எல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொன்னதால் ‘கிறுக்கு ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர்தான் முதலில் தோட்டமாகவே போட்டார். காபி விலை விழுந்ததும், மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள்.

ஆசிரியை இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பெரியவர் மரத்தை நெருங்கினார். பட்டையில் விரலை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

‘உளி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலாப் போனா பால் வராது. அந்த அளவு கைக்குத் தெரியணும். இங்க பீலி. அதுக்குக் கீழ மங்கு’ என்றார்.

நாங்கள் திகைத்து நின்றோம். ஒரே ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாத கதை. அவர் பிறந்தது பேராக்கில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அப்பா மரம் சீவுவார். அம்மாவோடு போய் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றுவது இவர் வேலை. பத்து வயதில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர், அதன் பிறகு நெல்தான்.

‘அப்ப இந்த ரிட்லி நல்லவர்தானே தாத்தா?’ என்று ஒரு இளைஞர் கேட்டார்.

‘மரம் நல்ல மரம்தான் தம்பி. மரத்துக்குச் சொந்தக்காரன்தான் வேற. 1930-கள்ல விலை விழுந்தப்போ, சீவுன ஆளுங்களைத்தான் கப்பல் ஏத்தி அனுப்புனாங்கன்னு அப்பா சொல்வார்.’

ஆசிரியையும் தலையை ஆட்டினார். அவருடைய தாத்தாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராம்.

மாலையில் அதே இளைஞர் என் பக்கத்தில் வந்து நடந்தார். இரண்டு ஏக்கரில் டிராகன் பழம் போடும் திட்டம் அவருக்கு. நல்லதா என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நம் மண்ணிலும் நம் மழையிலும் அந்தப் பயிரைக் காய்ப்பு வரை வளர்த்தவர் யார், அவர் தோட்டத்தை நேரில் பார்த்தீர்களா? உங்களைப் போலவே இன்னும் ஆயிரம் பேர் போட்டால் வாங்க யார் இருக்கிறார்கள்? காய்க்கும் வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை பத்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள். ரிட்லியிடம் பத்து வயது மரங்கள் இருந்தன, அதனால் அவரால் துணிந்து பேச முடிந்தது. வெனிலா பற்றிப் பேசியபோது என்னிடம் இருந்தது ஒரு கையேடு மட்டும்.

‘பத்து சென்ட் போதுமா சார்? சிரிக்க மாட்டாங்களா?’ என்றார்.

‘22 கன்றுதான் வந்தது’ என்றேன்.

ஊர் திரும்பியதும் அந்த வெனிலா விவசாயிக்குப் போன் செய்தேன். இருபது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் இடையில் புகுந்து, ‘அதை விடுங்க சார். தென்னையில வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கறுப்பா இருக்கு. கடைக்காரர் ஒரு மருந்து குடுக்கிறார், அடிக்கலாமா?’ என்றார்.

‘அடிக்காதீங்க’ என்றேன். மருந்து அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துப்போகும். மஞ்சள் ஒட்டும் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தோப்பில் கட்டச் சொன்னேன். தண்ணீரை விசையாக ஓலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சச் சொன்னேன். இது பல தோப்புகளில் நானே கூட இருந்து பார்த்தது என்பதையும் சொன்னேன்.

‘சரி, நீங்க சொன்னா சரி’ என்றார்.

அடுத்த வாரம் அவர் தோப்புக்கு நேரில் போகிறேன்.