நான்கு கையெழுத்துகள்

2012ஆம் ஆண்டின் ஒரு மாலையில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒன்பது பேர் அமர்ந்திருந்தோம். திருச்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குபவர்களும் செக்-இன் கவுண்டரில் நிற்பவர்களுமான ஒப்பந்த ஊழியர்கள் நாங்கள். சங்கம் அமைப்பதா, வேண்டாமா என்பதே பேச்சு.

அன்று நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு கையெழுத்துகள் வேண்டும். 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் தொடங்கியபோது இருவர் நீக்கப்பட்டதை ஒருவர் நினைவூட்டினார். அவர்களை மீட்கச் சக விமானிகள் நூற்றுக்கணக்கில் நோய்விடுப்பு எடுத்தார்கள். "விமானி இல்லாமல் விமானம் பறக்காது. நமக்குப் பதிலாக நாளைக்கே ஆள் வந்துவிடுமே" என்றார் இன்னொருவர். மறுக்க இயலவில்லை.

எங்களில் மூத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனைக் குடும்பத்தவர். 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். "அவர்களுக்குப் பதிலாகவும் ஆள் கிடைத்திருக்கும்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. முதல் கையெழுத்தை இட்டார்.

அதுவரை 'நாங்கள்' என்றே பேசிவந்தவர்கள், பேனா கைக்கு வந்ததும் அவரவர் வீட்டுக் கடனை எண்ணத் தொடங்கினோம். தாளில் விழுந்தவை நான்கே கையெழுத்துகள்.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இட்டவர், இடாதவர் என்ற பேதமின்றி ஒன்பது பேருமே வெளியே வந்தோம்.