அண்ணாச்சி பட்டறையில் கடல்

தாராவியில் அண்ணாச்சி பட்டறையில் இன்று துணியில் கடல் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆரஞ்சில் நட்சத்திரமீன் மாதிரி ஒன்று, நீலத்தில் கொடிகொடியாய் ஜெல்லிமீன் மாதிரி இன்னொன்று. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். வெளிர்நிறம் காய்ந்தபிறகே அடர்நிறம். ரப்பர் பட்டையை இழுக்கும் கை கொஞ்சம் தயங்கினாலும் அந்த இடத்தில் திட்டு விழுந்துவிடும்.

"இது என்ன மீன் அண்ணாச்சி?"

"மீனா இருந்தா சொல்லிருவேனே தம்பி, இது டிசைன்லா!"

இன்னொரு கடல் ஞாபகம் வந்தது. ஓவியர் மத்தீஸ் 1930-ல் தாஹிதியில் பார்த்த கடலை 1946-ல்தான் பாரிஸ் வீட்டுச் சுவரில் காகிதமாய் வெட்டிக் குத்திவைத்தார். துணி தயாரிப்பாளர் ஆஷர் அதை லினனில் ஸ்கிரீன் பிரிண்ட் ஆக்கினார், 30 பிரதிகள். வெளிர்பழுப்பில் வெள்ளை, அவ்வளவுதான். (மத்தீஸ் பெரிய ஆள்தான், ஆனாலும் எனக்கு இந்த ஆரஞ்சுதான்.)

ஒரு மீட்டர் கேட்டேன். ஆர்டர் சரக்காம், தரமாட்டாராம்.