தேத்தண்ணி நேரம்

1996இல் இராணுவத்தின் சத்ஜெய சண்டையோடு கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் வந்து கொட்டில் போட்டவர்கள் நாங்கள். அடுத்த வருடம் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. வெளியிலிருந்து வருவதெல்லாம் மட்டுமட்டு: சீனி, சவுக்காரம், மண்ணெண்ணெய், மருந்து. அந்தக் காலத்தில்தான் அம்மாவின் வயிற்றில் தங்கச்சி.

கிளினிக்கில் மிட்வைப் மிஸி அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பா. "ரத்தம் காணாது பிள்ளை." கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. இரும்புக் குளிசை இருந்தால் தருவா. இல்லாவிட்டால், "இலைவகை சாப்பிடுங்கோ."

இலைக்கு வன்னியில் என்ன குறை? வேலியில் முருங்கை, அதன்மேலேயே படர்ந்த முசுட்டை, வவுனிக்குளத்து வாய்க்கால் கரையில் பொன்னாங்காணி. ஆய்ந்து குடுக்கிறது என் வேலை. முருங்கையிலையை ஈர்க்கோடு போட்டால் அம்மம்மா திட்டுவா. இரும்புத் தாச்சியைக் காயவைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, இலையைக் கொட்டி, அது சுருளும்போது தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டுவா. இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிவா; அடுப்பில் பிழிந்தால் கைக்குமாம். தேசிப்புளியிலுள்ள வைட்டமின் சி இலையின் இரும்பை உடம்பில் சேர்க்கிறது, சூடேற அந்தச் சத்துக் குறைகிறது என்று ஒருவரும் அவவுக்குச் சொல்லிக் குடுக்கவில்லை. கை சொன்னதை நாக்குச் சரிபார்த்தது, அவ்வளவுதான்.

காலையில் குரக்கன் பிட்டு. மாமா குளத்தில் விரால் பிடித்தால் நடுமுறி அம்மாவுக்கு. பக்கத்துக் காணி அண்ணை எப்போதாவது காட்டிறைச்சி கொண்டுவந்தால் அன்றைக்கு வீடு திருவிழா. இலையின் இரும்பை உடம்பு லேசில் எடுக்காது. இறைச்சியிலும் மீனிலும் உள்ளது சுலபமாய்ச் சேரும், கூடத் தின்ற இலையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் இல்லை. அதில் அம்மம்மாவை அசைக்க முடியாது.

இவ்வளவு தின்றும் அம்மாவின் கண் வெளிறியே கிடந்தது. ஒருநாள் மிஸி கேட்டா:

"சோறு திண்ட கையோட தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?"

"ஓம் மிஸி. குடிக்காட்டி தலையிடிக்கும்."

எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததற்கு அடையாளமே தேத்தண்ணிதான். சீனி இல்லாத காலம். குட்டானிலிருந்து பனங்கட்டியை உடைத்துக் கடித்துக்கொண்டு, சாயம் கறுக்கக் கறுக்க ஊற்றிக் குடிப்போம். பனங்கட்டி ரத்தம் ஊறும் என்று அம்மம்மா நம்பினா. அதில் கொஞ்சம் இரும்பு உண்டுதான். தேயிலையின் துவர்ப்போ அந்த இரும்பையும் இலை வறையின் இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். "ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கோ" என்றா மிஸி. பூச்சிக் குளிசையும் தந்தா. வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு காலால் ஏறிக் குடலில் இருந்து ரத்தம் குடிக்கும் என்றா.

மலேரியாவுக்கு மட்டும் எந்தக் கறியாலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு காய்ச்சல் வந்துபோனால் மாதக்கணக்காய்த் தின்ற இலையெல்லாம் வீண். சிவப்பணுக்களை அந்தக் கிருமி உடைத்துவிடும். 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது அம்மா செய்தியை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னா.

மிஸி சொன்ன தேத்தண்ணி விஷயத்தில் அப்போது வீட்டில் பெரிய சண்டை நடந்தது. "என்ரை ஆச்சியும் குடிச்சவ, பத்துப் பிள்ளை பெத்தவ" என்று அம்மம்மா வாதாடினா. அந்தப் பத்தில் எத்தனை தங்கினதென்று அம்மா திருப்பிக் கேட்டா. அன்றைக்குப் பின்னேரம் வரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மறுநாள் தேத்தண்ணி வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது, அதை அம்மம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உலையைப் பத்து மணிக்கே வைத்து, பதினொன்றரைக்கெல்லாம் அம்மாவைச் சாப்பிட இருத்திவிட்டா.